தலைமைக்கு முதற்படி தன்னைத் திருத்தல்

(கிளைச் செயலாளர்களும் கமக்காரர் சங்கப் பிரதிநிதிகளும் கூடிய பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



தலைமைப் பணியில் வெற்றி காண விரும்புவோன் தன்னிடத்தே வளர்த்துக்கொள்ள வேண்டிய பண்புகள் யாவை என்பது பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறீர்கள். இப்பொருள் பற்றிய நூல்களுக்கு இன்று பஞ்சமில்லை. மேடையில் நிற்பது எப்படி, பிறரைத் தன் வயப்படுத்துவது எப்படி, எதிரணியினரை மடக்குவது எப்படி என்றெல்லாம் அவை கற்பிக்கின்றன. அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் நிலமும் மொழியும் வாழ்வுமே வழக்கில் இருக்கும் ஒரு மக்களின் தலைவனுக்கு அவை போதா.

பிறரைத் திருத்தப் புறப்படுமுன் நம் பிழையொன்றைச் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர் வலிகாமத்துக் கிராமமொன்றில் நாம் ஒரு மணி நேரம் பேசினோம். சுயநிர்ணய உரிமை பற்றிப் பேசினோம். ஒப்பந்தங்கள் கிழிக்கப்பட்ட வரலாற்றை எடுத்துரைத்தோம். கைதட்டல் வானைப் பிளந்தது. கூட்டம் முடிந்து வாகனத்தில் ஏறுகையில் முதியவர் ஒருவர் அருகே வந்தார். "ஐயா, எல்லாம் சரி. தொண்ணூறாம் ஆண்டு ஓடேக்கை என்ரை காணி உறுதி துலைஞ்சு போச்சு. நான் முதலிலை எந்தக் கந்தோருக்குப் போறது?" என்று கேட்டார். அடுத்த கூட்டத்திற்கு நேரமாகிவிட்டது. "பிறகு சந்திப்போம், ஐயா" என்று கூறிப் புறப்பட்டோம்.

அன்பர்களே! அக்கேள்விக்கு விடை நமக்குத் தெரியாததன்று. காணிப் பதிவகத்தில் தேடி, உறுதிப்படுத்திய பிரதி பெறும் வழியைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். தெரிந்த விடையை நாம் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கொடுத்தோம். வேண்டிய ஐந்து நிமிடத்தைக் கொடுக்கவில்லை. மறுமுறை அக்கிராமத்திற்குச் சென்றபோது மண்டபத்தில் பாதி வெறுமையாயிருந்தது. மக்களை நோவதற்கு இதில் என்ன இருக்கிறது?

கேட்கக் கற்றல்

பொருட்பாலில் அரசனுக்குரிய இலக்கணம் கூறப் புகுந்த வள்ளுவர், கல்வியையும் கல்லாமையையும் கூறிய பின்னர், கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். அறிவுடைமை அதற்குப் பின்னரே வருகிறது. அதனையடுத்து நிற்பது குற்றங்கடிதல். கற்றவன் கேட்க வேண்டும். கேட்டால் அறிவுடையவன் ஆவான். அறிவுடையவன் ஆனபின்னும் தன் குற்றத்தைத் தேடிக் களைய வேண்டும். இவ்வைப்பு முறையே தலைமைக்கு ஒரு பாடத்திட்டம் அன்றோ?

இதனை வாழ்ந்து காட்டியவருள் ஒருவர், 1927 ஆம் ஆண்டு நவம்பரில் நம் யாழ்ப்பாணத்திற்கும் வந்து சென்ற காந்தியடிகள். அவர் பிறவிப் பேச்சாளர் அல்லர். பம்பாயில் சிறுவழக்கு மன்றொன்றில் முதன் முதலாகக் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், நாவெழாமல் அமர்ந்துவிட்டார். வழக்கை வேறொருவரிடம் கொடுக்குமாறு கூறிப் பெற்ற பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். 1893 இல் தென்னாபிரிக்காவுக்குச் சென்றபோது அவர் கையில் வந்த வழக்கு முழுவதும் கணக்கு வழக்குப் பற்றியது. கணக்கு வைப்பு முறை அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல், அது பற்றிய நூலொன்றை வாங்கிப் படித்தார். வழக்கின் உண்மைகளை உள்ளங்கை நெல்லிக்கனியாக அறிந்துகொண்டார். பின்னர் இருதரப்பாரையும் நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்து, தோற்றவர் வங்குரோத்து அடையாவண்ணம் தவணை முறையில் பணம் செலுத்தவும் வழி செய்தார். பேசத் தெரியாதவர் என்று எண்ணப்பட்டவர், காரியம் அறிந்தவராய் எழுந்தார். நாவன்மை அதன்பின் தானே வந்தது.

அவ்வாறு தம்மைப் பழக்கிக்கொண்டவர் 1917 இல் பீகாரிலுள்ள சம்பாரணுக்குச் சென்றார். அங்கே குடியானவர்கள், 20 கட்டா கொண்ட ஒவ்வொரு பீகா நிலத்திலும் 3 கட்டாவில் வெள்ளைத் தோட்டத்துரைமாருக்காக அவுரி பயிரிடக் கட்டுப்பட்டிருந்தனர். அவரை அங்கே அழைத்து வந்தவர் ராஜ்குமார் சுக்லா என்னும் ஓர் எளிய கமக்காரர். அடிகள் அங்கு சென்று மேடை போட்டு முழங்கவில்லை. ராஜேந்திர பிரசாத் போன்ற பெயர்பெற்ற சட்டத்தரணிகளை அமர்த்தி, கமக்காரர் ஒவ்வொருவரின் வாக்குமூலத்தையும் எழுதச் செய்தார். அவ்வாறு எழுதுகையில் குறுக்குக் கேள்வி கேட்டு உண்மையைத் துணிந்தனர். கேள்விக்கு நில்லாத வாக்குமூலத்தைத் தள்ளினர். ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் திரண்டன. அரசு விசாரணைக் குழு அமைத்தது. மிகையாகப் பெற்ற பணத்தில் நூற்றுக்கு 25 பங்கைத் திருப்பிக் கொடுக்கத் துரைமார் உடன்பட்டனர். 1918 இல் சட்டம் இயற்றப்பட்டு அக்கொடிய முறை ஒழிந்தது.

அச்சட்டத்தரணிகளிடம் அடிகள் வேண்டியது சட்ட வாதமன்று. எழுதுவினைஞர் வேலையும் மொழிபெயர்ப்பு வேலையும் ஆகும். ஆளுக்கொரு வேலைக்காரன், ஆளுக்கொரு சமையல் என்று வந்தவர்கள், வேலைக்காரரை அனுப்பிவிட்டு ஒரே அடுக்களையில் உண்ணப் பழகினர். மக்களைத் திருத்துமுன் தலைவர்கள் தம்மைத் திருத்திக்கொண்ட காட்சி அது.

நம் மண்ணின் பாடம்

சம்பாரண் கதை நமக்கெதற்கு என்று எவரும் எண்ண வேண்டாம். 2025 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் நாள், 1931 ஆம் ஆண்டுக் காணி நிருணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் நிலத்துக்கு உரிமையுடையோர் மூன்று மாதத்துள் உரிமை கோர வேண்டும் என்றும், கோரப்படாத நிலம் அரச நிலமாகும் என்றும் அதன் பொருள் அமைந்தது. போரில் உறுதியை இழந்தவர் எத்தனை பேர்! கடல் கடந்து வாழ்பவர் எத்தனை பேர்! மூன்று மாதத்தில் அவர்கள் யாரிடம் போவார்கள்? எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடுக்கப்பட்டது, அவ்வாண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அத்தடையைப் பெற்றுத் தந்தது எது? பழைய கட்டளைச் சட்டமொன்றை எடுத்து வைத்து, பிரிவு பிரிவாகப் படித்த பொறுமையே அது. அதே வேளையில் நாம் நாணவும் வேண்டும். அவ்வறிவித்தல் வெளியான அன்று, "எம் கிராமத்தில் இன்ன இன்ன குடும்பத்தின் காணி இதில் அடங்குகிறது, அவர்களிடம் இன்ன பத்திரம் உண்டு, இன்ன பத்திரம் இல்லை" என்று சொல்லக்கூடிய குறிப்பேடு நம் கிளைகளுள் எத்தனையில் இருந்தது? உங்கள் நெஞ்சையே கேட்டுப் பாருங்கள்.

தோல்வியும் உடன்பாடும்

இரண்டாவதாக, தலைவன் தோல்வியைத் தாங்கப் பழக வேண்டும். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தோருள் முதல்வராகிய தந்தை செல்வா, 1952 தேர்தலில் தம் சொந்தத் தொகுதியாகிய காங்கேசன்துறையிலேயே தோல்வியுற்றார். கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். அவர் குரல் மெலிந்தது. கூட்டத்தை மயக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை. மக்கள் நன்றி கெட்டவர் என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. கொள்கையை மறைத்துக்கொண்டு பதவி தேடவுமில்லை. தம் தொழிலையும் கட்சிப் பணியையும் தொடர்ந்தார். 1956 இல் அக்கட்சி பத்து இடங்களை வென்றது. தோல்வியைக் கண்டு தன்னைச் சோதிப்பவன் வளர்கிறான். பிறரைச் சபிப்பவன் தேய்கிறான்.

மூன்றாவதாக, தன் மக்களுக்கே கசப்பான உண்மையைக் கூறும் துணிவு வேண்டும். எதிரியை ஏசுவது எளிது. அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். 1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்காவுடன் உடன்படிக்கை செய்தபோது தந்தை செல்வா பெற்றது சமஷ்டியன்று; பிரதேச சபைகளே. அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தையும் கைவிட நேர்ந்தது. தமிழ்க் காங்கிரசார் அவரைக் கண்டித்தனர். கிடைத்தது இது, கிடைக்காதது இது என்று தம் மக்கள் முன் நின்று அவர் பொறுப்பேற்றார். மறுபுறத்தில், பிரதமரோ 1958 ஏப்ரலில் தம் இல்லத்தின் முன் கூடிய எதிர்ப்புக்குப் பணிந்து உடன்படிக்கையைக் கைவிட்டார். அடுத்த மாதமே நாடு தீப்பற்றி எரிந்தது. தன் பக்கத்தாரின் சினத்துக்கு அஞ்சும் தலைவனால் எத்துணைக் கேடு விளையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

குற்றங்கடிதல்

நான்காவது செய்தி நமக்குக் கசப்பானது. ஆயினும் இன்று அதனைக் கூறாது விட்டால், சற்று முன் கூறிய துணிவு நமக்கே இல்லை என்றாகும்.

திரு. சி. சுந்தரலிங்கம் அவர்களைப் பெரியோர் அறிவீர்கள். கணிதப் பேராசிரியர், பாராளுமன்ற உறுப்பினர், முதல் மந்திரிசபையில் அமைச்சர். 1948 டிசம்பரில் மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய மசோதா வந்தபோது அரசுடன் நிற்க மறுத்து அமைச்சுப் பதவியைத் துறந்தவர். எத்துணைப் பெரிய செயல்! அதே பெரியார், இருபது ஆண்டுகளின் பின்னர், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் நின்று, ஒடுக்கப்பட்ட நம் சகோதரர் உள்ளே நுழைவதைத் தடுத்தார். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தண்டனையும் பெற்றார். அக்கோவில் அமைந்த காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினர் தந்தை செல்வா. அவருடைய கட்சி அன்று காட்டியிருக்க வேண்டிய உறுதியைக் காட்டவில்லை என்னும் குறை இன்றும் கூறப்படுகிறது. அதனை மறுப்பதற்கில்லை என்பதே நம் கருத்து.

இதனால் நாம் அறிவது யாது? ஓரிடத்தில் காட்டிய தியாகம் மற்றோரிடத்துப் பிழைக்கு ஈடாகாது. பேராசிரியர் பட்டமும் துறந்த பதவியும் ஒருவனைக் கோவில் வாயிலில் தவறு செய்யாமல் காக்கவில்லை. தன்னைத் திருத்தும் வேலை ஒரு நாளில் முடிவதன்று. தலைவன் கண்மூடும் வரை நடைபெற வேண்டியது. பெரும்பான்மையினரிடம் சமத்துவம் கேட்கும் நாம், நம் வீட்டு வாயிலில், நம் ஊர்க் கிணற்றடியில், நம் கட்சிக் கிளையின் நாற்காலி வரிசையில் அதனைக் கொடுக்கிறோமா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். நம் கிளைக் குழுக்களில் பெண்கள் எத்தனை பேர்? காணியற்ற கூலித் தொழிலாளர் எத்தனை பேர்? எண்ணிக் காட்டுங்கள், அதுவே நம் கண்ணாடி.

செய்ய வேண்டியவை

கேட்டுவிட்டுக் கலைந்து செல்வதற்காக நாம் இங்கு கூடவில்லை. நான்கு காரியங்களை இன்றே மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

ஒன்று: ஒவ்வொரு கிளையும் ஒரு காணிக் குறிப்பேடு வைத்தல் வேண்டும். குடும்பத்தின் பெயர், காணியின் பெயர், பரப்பு, உறுதியோ அனுமதிப் பத்திரமோ உண்டா, இல்லையேல் எந்தக் கந்தோரில் தேட வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். சட்டத்தரணிகளே, இதனை எழுதும் இளைஞரைப் பழக்குவது உங்கள் கடன். கமக்காரர்களே, தந்தையின் பெயரிலுள்ள பத்திரத்தைப் பெட்டியடியில் வைத்துவிட்டு ஆண்டுகளைக் கழிக்காதீர்கள். எடுத்துக் கொண்டு வாருங்கள்.

இரண்டு: செயலாளர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை, பேசுவதற்கன்றிக் கேட்பதற்கென்றே ஒதுக்குதல் வேண்டும்.

மூன்று: கிளையின் வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தல் வேண்டும். பத்து ரூபாய்க்குக் கணக்குக் காட்டாதவனை நம்பி மக்கள் தம் எதிர்காலத்தை ஒப்படைப்பார்களா?

நான்கு: பொறுப்பிலுள்ள ஒவ்வொருவரும் தமக்குப் பின் அப்பொறுப்பை ஏற்க இருவரைப் பழக்குதல் வேண்டும், அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். தான் இல்லாவிடின் நடவாது என்று மகிழ்பவன் தலைவன் அல்லன்.

அன்பர்களே! நாவன்மை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வித்தில்லாத வயலுக்கு எவ்வளவு நீர் பாய்ச்சினும் விளைவு இல்லை என்றே கூறுகிறோம். காரியம் அறிந்த பேச்சே விளையும் பேச்சு. தேர்தலில் பெறும் வெற்றி ஐந்தாண்டில் முடிந்துவிடலாம். ஒரு கமக்காரன் தன் நிலத்தில் அச்சமின்றி மண்வெட்டி ஊன்றுவானாயின், அவ்வெற்றி அவன் பேரன் காலத்திலும் நிற்கும்.

அம்முதியவரை நாம் பின்னர் தேடிச் சென்றோம். பதிவகத்துக்கு அவரோடு கூடப் போனோம். பிரதி கிடைக்கச் சில வாரங்கள் சென்றன. அதைக் கையில் வாங்கியபோது அவர் நம்மைப் புகழவில்லை; "இனிப் பக்கத்துக் காணிக்காரனுக்கும் ஒருக்கால் சொல்லுங்கோ, ஐயா" என்றார். நாம் நடத்த வேண்டிய அடுத்த கூட்டம் எதுவென்று அன்றே நமக்கு விளங்கிற்று.