திரையில் தண்டனையாகும் உடல்



தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே புழங்கும் குடுபல்லி மண்டலத்தில், ஒரு திரைப்படம் எம்மொழியில் எடுக்கப்பட்டாலும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 2015 பொங்கலையொட்டித் தமிழிலும் தெலுங்கிலும் வெளியான ஷங்கரின் ‘ஐ’ அவ்வாறு வந்த படம். ‘ஐ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு அழகு என்றும் பொருளுண்டு. அந்த அழகைப் பற்றி அப்படம் சொல்வதென்ன?

உடற்பயிற்சியால் கட்டுடல் வளர்த்த சென்னை இளைஞன் ஒருவன் விளம்பர மாடலாகிறான். எதிரிகள் அவனுடலில் கிருமியைச் செலுத்திக் கூனனாக்குகின்றனர். அவனோ அவர்களைக் கொல்லாமல், ஒவ்வொருவராக உருக்குலைத்துப் பழிதீர்க்கிறான். கொலையினும் கொடிய தண்டனை உருவம் கெட்டு வாழ்வதே என்பதுதான் கதையின் அச்சாணி. தீக்காயத் தழும்போடும் வளைந்த முதுகோடும் வேலைக்குச் சென்று, பிள்ளைகளை வளர்த்து, சங்கத்துக்குச் சந்தா செலுத்தி வாழ்வோர் எத்தனையோ பேர். அவர்களுடைய அன்றாட வாழ்வு அங்கே வில்லனுக்குரிய தண்டனையாகக் காட்டப்பட்டது. நாயகனை விரும்பிய திருநங்கை ஒப்பனைக் கலைஞர் ஏளனத்துக்கு உள்ளாகி, வில்லன்களின் வரிசையில் சேர்க்கப்பட்டார். திருநங்கையர் சென்னையில் எதிர்த்துப் போராடினர். தணிக்கைச் சான்று பெற்ற படம்தான் அது.

அழகைச் சரக்காக்கிய சந்தைக்கு இவ்வருவருப்பு தேவைப்படுகிறது. 2020இல் இந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை நீக்கிற்று, களிம்பை நீக்கவில்லை.

2024 ஜூலை 8 அன்று நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊனத்தை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. திரைத்துறையினர் மட்டுமே படிக்க வேண்டிய தீர்ப்பன்று அது. இடதுசாரி மேடைகளிலும் மனு கொடுத்துப் பயனில்லை என்றால் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்கிறார்கள். அரசின் கொள்கையைக் ‘குருட்டுக் கொள்கை’ என்கிறார்கள். செயலற்ற அதிகாரிக்கு வளையல் அனுப்பும் போராட்டமும் நடக்கிறது. வளையல் அணிந்த கைகள் நாற்று நடுகின்றன, கல் சுமக்கின்றன. அவை எப்போது கையாலாகாத்தனத்தின் அடையாளமாயின?

திரை பழக்கிய இன்னொரு வேடமும் உண்டு. கருப்புக் கண்ணாடியணிந்து பார்வையற்றவராக நடித்துப் பிச்சையெடுத்து, காவலரைக் கண்டதும் ஓடுபவர். அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு விதைத்த ஐயம் அரசு அலுவலகம் வரை வந்திருக்கிறது. ஆந்திரத்தில் 2024இல் மாற்றுத்திறனாளிகளின் மாத ஓய்வூதியம் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்ந்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் 2025இல் மறு மருத்துவப் பரிசோதனை தொடங்கி, 40 சதவீதத்துக்குக் குறைவென மதிப்பிடப்பட்டோருக்கு நோட்டீஸ் சென்றது. பல்லாண்டுகளாகச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள்மீது ஒரே நாளில் ‘போலி’ என்னும் முத்திரை விழுந்தது. உண்மையில் ஏமாற்றியோர் சிலர் இருக்கலாம். அதற்காக, நடக்க இயலாதவர் மருத்துவமனை வரிசையில் நின்று தம் உடலை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருப்பதைக் கண்டு ஊர் பதறவில்லை; திரையில் பார்த்த கண்ணோடு பார்த்தது.

நோட்டீஸ் பெற்றோரின் பட்டியலைக் கிளைத் தோழர்கள் ஊர்வாரியாகத் திரட்ட வேண்டும். மேல்முறையீட்டு மனு எழுதித்தர ஆளில்லாதோரையும், மருத்துவமனைக்குத் துணையின்றிச் செல்ல இயலாதோரையும் அதில் தனியே குறித்துக்கொள்க.