இஞ்சாருங்கோ முதல் இடாப்பு வரை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் சீனியையும் உப்பையும் பற்றிப் பேசி உங்களிடம் திட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. கட்டிக்கொண்டவரை நாங்கள் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறோம் என்பதைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று நினைக்கிறேன். இதுவும் நான் கிளினிக்கில் படித்த பாடந்தான்.

மேற்பயிற்சிக்காக ஓராண்டு இங்கிலாந்தில் வேலை செய்தேன். அங்கே நோயாளியின் தலைமாட்டில் ஒரு சிறிய வெள்ளைப் பலகை இருக்கும். தன்னை எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று நோயாளியிடம் கேட்டுத் தாதி அதிலே எழுதிவைப்பார். ஒருநாள் காலை வார்ட்டைச் சுற்றி வரும்போது ஒரு கட்டிலின் மேல் ‘இஞ்சாருங்கோ’ என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது. படுத்திருந்தவர் எங்கள் ஊர் ஐயா ஒருவர். ஒட்சிசன் முகமூடி போட்டிருந்ததால் அவரால் பேச முடியவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டதைக் கேட்ட தாதி, அதுதான் பெயராக்கும் என்று எழுதிவிட்டார். அழிக்கச் சொல்லட்டோ என்று அம்மாவிடம் கேட்டேன். “விடுங்கோ பிள்ளை. நாப்பத்தெட்டு வருசமா நான் கூப்பிட்ட பேர் அதுதானே” என்றார். ஐயா வீடு போகும்வரை பலகையில் அந்தப் பெயரே இருந்தது.

‘இங்கே பாருங்கள்’ என்பதுதான் எங்கள் வாயில் தேய்ந்து ‘இஞ்சாருங்கோ’ ஆனது. பெயரைச் சொல்லாமல் ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைக்க நாங்கள் கண்ட வழி அது. பிள்ளை பிறந்த பிறகு ‘இஞ்சேரப்பா’. வெளியாருக்குச் சொல்லும்போது, ஆள் வீட்டிலே இருந்தால் ‘இவர்’, வெளியே போயிருந்தால் ‘அவர்’. கோபம் வந்தால் ‘இந்த மனிசன்’. மட்டக்களப்புப் பக்கம் ‘மச்சான்’ என்பார்கள். மலையகத்துத் தோழி ‘வீட்டுக்காரர்’ என்பாள். என்னோடு படித்த முஸ்லிம் சிநேகிதிக்கு அவர் எப்போதும் ‘பிள்ளையளின்ட வாப்பா’ தான். ‘கணவர்’ என்ற சொல்லை அழைப்பிதழிலும் படிவத்திலும் பார்க்கிறோம். அடுப்படியில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுபக்கம் அவர்கள் எங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ‘இஞ்சாரும்.’ ஊரில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ என்று ஒரு படி இருக்கிறது. அவர் ‘நீர்’ என்பார், அவள் ‘நீங்கள்’ என்பாள். எங்கள் அம்மாமார் அந்த ஒரு படி வித்தியாசத்தில் ஒரு வாழ்நாளை நடத்தி முடித்தார்கள். நான் என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். முதல்தடவை மாமிக்கு முன்னால் வாய் தவறிச் சொன்னபோது, அவர் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் அப்படியே நின்றது. இப்போது அவரே, “உன்ரை ஆள் எங்கை?” என்று பெயரைச் சொல்லிக் கேட்கிறார்.

‘ஆள்’ என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். எங்கள் வகுப்பில் அது பெரிய சொல். “அவளுக்கு ஆள் இருக்காம்” என்று கடைசி வாங்கில் தொடங்கும் செய்தி, இடைவேளை மணி அடிக்க முன்னர் முன்வாங்குக்கு வந்துவிடும். அந்த ஆளுக்கும் பெயர் கிடையாது. அதே வருடம் எங்கள் தமிழ் ஆசிரியை அகத்திணை படிப்பித்தார். அகப்பாட்டில் தலைவன், தலைவி, தோழி என்று வருவார்களே தவிர, காதலர் எவருக்கும் இயற்பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு என்று விளக்கினார். “அப்ப டீச்சர், நாங்களும் இலக்கணப்படிதான் நடக்கிறம்” என்று ஒருத்தி சொல்ல, டீச்சர் சிரிப்பை அடக்கப் புத்தகத்தால் முகத்தை மறைத்தது எனக்கு இன்றும் ஞாபகம்.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனிச் சொல்லப்போவதற்குச் சிரிக்க முடியாது.

பல வருடங்களுக்கு முன்னர், வெளிநோயாளர் பிரிவில் ஒரு பெண்ணின் விபரங்களைப் பதிந்துகொண்டிருந்தேன். வெளியே நீண்ட வரிசை. நானும் அவசரத்தில் இருந்தேன். “அவர் என்ன செய்யிறார்?” என்று கேட்டேன். “அவர் இல்லை டொக்டர்” என்றார். எங்கள் ஊரில் ‘இல்லை’ என்பதற்கு ஒரே பொருள்தான் உண்டு என்று எண்ணி, அட்டையில் ‘விதவை’ என்று எழுதினேன். எழுத்தைத் தலைகீழாகப் பார்த்தே வாசித்துவிட்டார். “அதை வெட்டிப் போடுங்கோ டொக்டர்” என்றார். குரல் உயரவில்லை. “2009இல போனவர். வருவார் எண்டு நான் சொல்ல இல்லை. செத்துப் போனார் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.”

நான் வெட்டினேன். பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் படிவத்தில் மணமாகாதவர், மணமானவர், விதவை, விவாகரத்தானவர் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. அவருக்கு ஐந்தாவது கட்டம் தேவைப்பட்டது. அவருக்கென்று ஒரு சொல் எங்கள் மொழியிலும் இல்லை. மனைவியை இழந்தவருக்குக்கூடத் ‘தபுதாரர்’ என்ற பழஞ்சொல் ஒன்றைத் தேடிப் பிடித்து ஓய்வூதியப் படிவத்தில் வைத்திருக்கிறோம். ‘காணாமல் போனவரின் மனைவி’ என்பவரை மட்டும் இன்னும் முழு வாக்கியமாகத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

அன்றைக்குப் பிறகு, இப்படியான பெண்கள் பேசும்போது வினைச்சொல்லைக் கவனிக்கத் தொடங்கினேன். “அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது” என்பார்கள். ‘பிடிக்காமல் இருந்தது’ என்று சொல்லமாட்டார்கள். பெற்ற பிள்ளை அப்பாவைப் பற்றி இறந்தகாலத்தில் பேசினால், “அப்பிடிச் சொல்லாதை” என்று திருத்துவார்கள். நித்திரை இல்லை, நெஞ்சு அடைக்கிறது, தலையிடி என்று வருவார்கள். இரத்தத்தைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது. அழுது முடித்துக்கொள்ளவும் முடியாது, காத்திருப்பதை விடவும் முடியாது என்ற நிலைக்கு என்னிடம் மாத்திரை இல்லை. அவர்கள் சொல்லும் சொல்லை மாற்றாமல் எழுதுவது மட்டும் என்னால் முடிந்தது.

சொல் என்பது வெறும் மனத்துயரம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. காணி சம்பந்தப்பட்டது, சாப்பாடு சம்பந்தப்பட்டது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்குக்கூட 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவர் எங்கே என்று தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலான அனுமதியைப் பெறவேண்டும். 2010இல் வந்த சட்டம் காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. ‘இறந்துவிட்டார்’ என்று தன் கையால் எழுதிக் கொடுக்கப் பல பெண்கள் மறுத்தார்கள். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகே, இறந்தார் என்று சொல்லாமல், காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு இடம் வந்தது. 2009 முதல் 2016 வரை ஏழு வருடங்கள். ஒரு சரியான சொல் கடதாசிக்கு வந்து சேர அத்தனை காலம் எடுத்தது. அந்தச் சான்றிதழையும் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை அவர் எங்கே என்ற பதில். அதையும் நான் மறக்கவில்லை.

இன்னொரு சொல்லையும் உங்களிடம் சொல்லவேண்டும். “அவர் கொஞ்சம் கோபக்காரர்.” கையில் நீலம் பாய்ந்த தழும்போடு வந்து, குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும் பெண், மூன்றாம் தடவை வரும்போது சொல்லும் வாக்கியம் இது. அடித்தவருக்கும் ‘அர்’ விகுதி போட்டு மரியாதையாகத்தான் பேசுவாள். அந்த மரியாதைக்குள் பயம் மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. இப்போதெல்லாம் கூட வந்தவரை மருந்து எடுக்க வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திய பிறகு, “வீட்டிலை பயமில்லாமல் இருக்கிறீங்களோ?” என்று நேராகக் கேட்கிறேன். குடும்ப வன்முறையைத் தடுக்க 2005இல் வந்த 34ஆம் இலக்கச் சட்டம், கணவன் மனைவியோடு நிற்கவில்லை. முன்னாள் கணவனுக்கும், பதிவுத் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவருக்கும் எதிராகப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ‘நான் அவருக்கு மனைவி இல்லையே, எங்கே போய்ச் சொல்வது’ என்று இருக்கும் தங்கைமாருக்கு இதைச் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ இருக்கிறது. 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வெளிநாட்டில் வாழும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் ‘பார்ட்னர்’ என்று ஒருவரைக் கூட்டிவந்தால், ஊருக்குத் தொலைபேசியில் ‘கூடப் படிச்ச பெடியன்’ என்று மொழிபெயர்க்கிறீர்கள். எனக்கும் தெரியும், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். எங்களிடம் ‘துணை’ என்று நல்ல சொல் ஒன்று இருக்கிறது. திருக்குறளின் ஆறாம் அதிகாரத்துக்கு ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்று பெயர். அதில் பேசப்படுவது மனைவியைப் பற்றி மட்டுந்தான். ஆனால் சொல் அவளுக்கு மட்டும் உரியதல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொருந்தும், மேலும் கீழும் இல்லாத சொல். பிள்ளை எந்தச் சொல்லைச் சொல்கிறாளோ அதையே நாங்களும் சொல்லிப் பழகினால், கரைச்சல் வரும்போது எங்களிடம் வருவாள். மறைத்துச் சொல்லப் பழக்கினால் கரைச்சலையும் மறைப்பாள்.

கடைசியாக, எங்கள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த உரைக்காக எங்கள் அங்கத்தவர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் ஒருத்தியைத் தேடினேன். 1995இல் இடம்பெயர்ந்தபோது பிரிந்தோம். பட்டியலில் முழுக்கத் ‘திருமதி’ என்று தொடங்கி, கணவரின் பெயரிலே முடிகிறது. அவள் யாரைக் கட்டினாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்று மாதம் விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன். அவள் பெயர் பட்டியலில்தான் இருந்தது. நானே அதை நாலு தடவை கடந்து போயிருக்கிறேன்.

ஐயா இஞ்சாருங்கோவாக இருக்கட்டும், எங்கள் இவரும் அவரும் அடுப்படியில் இருக்கட்டும். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் பட்டியலில் முதலில் எங்கள் பெயர், பிறகு படித்த ஆண்டு, விரும்பினால் அதற்குப் பிறகு துணைவரின் பெயர் என்று வரட்டும். ‘திருமதி’, ‘செல்வி’ என்ற கட்டங்களைப் பூர்த்தி செய்வதா விடுவதா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். காணாமல் போனவரின் மனைவியாக இந்த மண்டபத்தில் இருக்கும் சகோதரி, தன்னை என்னவென்று எழுதுவது என்று பேனையைப் பிடித்துக்கொண்டு தடுமாற வேண்டாம்.

இந்தக் கல்லூரியில் தினமும் காலையில் எங்களுக்கு இடாப்புக் கூப்பிட்டார்கள். அதிலே எழுதியிருந்த பெயருக்குத்தான் எழுந்து நின்று “பிரசென்ட் டீச்சர்” என்று சொன்னோம். அந்தப் பழைய இடாப்புகள் இன்னும் அலுவலக அலுமாரியில் இருப்பதாக அதிபர் சொன்னார். புதிய பட்டியலை அவற்றிலிருந்து தொடங்கலாம். தட்டச்சு செய்ய ஆள் தேவையென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன்.