சுவரில் எழுதுக கணக்கை!

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

'மக்கள் நலவாழ்வும் அரசின் பொறுப்பும்' என்பது எனக்குத் தரப்பெற்றுள்ள தலைப்பு. நலவாழ்வு என்றவுடன் மருந்தைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் பேசுவதே வழக்கம். நான் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓர் அரசு தன் மக்களின் உயிருக்குக் கணக்கு வைத்திருக்கிறதா? அக்கணக்கு மக்கள் கண்ணிற்படும் இடத்தில் இருக்கிறதா? அவர்கள் படிக்கும் மொழியில் இருக்கிறதா? இம்மூன்றே என் வினாக்கள். இம்மூன்றும் உள்ள இடத்தில் உயிர் பிழைக்கிறது. இல்லாத இடத்தில் உயிர் போவதோடன்றிப் போன உயிர் எண்ணப்படாமலும் போகிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூர்க் கோயிற் சுவரில் 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நெடிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கிருந்த மருத்துவசாலையைப் பற்றி அது என்ன சொல்கிறது? கட்டில்கள் 15. மருத்துவன் ஒருவன். அறுவை மருத்துவம் செய்வான் ஒருவன். மருந்துக்குரிய செடிகொடிகளையும் விறகையும் கொண்டுவருவார் இருவர். நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவர். நாவிதன் ஒருவன், தண்ணீர் கொணர்வான் ஒருவன். இவர்களுக்கு அளக்க வேண்டிய நெல் எவ்வளவு, கொடுக்க வேண்டிய காசு எவ்வளவு, இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகள் எவை எவை என்பதெல்லாம் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. இரவில் எரியும் விளக்குக்குரிய எண்ணெய்கூட விடுபடவில்லை!

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்தரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை நீங்கள் அறிவீர்கள். தேர்தல் முறையைப் போற்றுவோர் அதிலுள்ள ஒரு விதியை மறந்துவிடுகின்றனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும், அவன் உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரவொண்ணாது என்பதே அவ்விதி.

பழம்பெருமை பேசி உங்களைக் கைதட்ட வைப்பதற்காக இவற்றைக் கூறவில்லை. உத்தரமேரூர் அவை நிலமும் மறைநூற் பயிற்சியும் உடையாரின் அவை. உழுது நெல் விளைத்தவனுக்கு அங்கே இடமில்லை. திருமுக்கூடல் மருத்துவசாலையும் மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியதேயன்றி, ஊரார் அனைவர்க்கும் கதவு திறந்ததன்று. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மக்களாட்சி என்ற பெயரே அறியாத அக்காலத்தில், ஒரு மருத்துவசாலைக்கு உரியது இன்னின்னதென்று கல்லில் எழுதி வைத்தார்கள். அனைவர்க்கும் வாக்குரிமை உள்ள இக்காலத்தில், நம் ஊர் ஆரம்ப நலவாழ்வு நிலையத்தில் எத்தனை மருத்துவர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏன் தெரியவில்லை? நாம் கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை? அரசு மருத்துவமனைக்கு நம் மக்கள் நெடுங்காலம் வழங்கிவந்த பெயரைப் பாருங்கள்: 'தருமாசுபத்திரி'! பெயரிலேயே நம்மை இரப்பவராக்கி விட்டார்கள். அறச்சோறு உண்பவன் உப்புக் குறைந்தது என்று சொல்வானா? சொல்ல மாட்டான். மகப்பேற்று மனையில், ஆண்பிள்ளையாயின் இவ்வளவு, பெண்பிள்ளையாயின் இவ்வளவு என்று கைநீட்டுவோரிடம் அதனாற்றான் வாய் திறவாமற் பணம் கொடுக்கிறோம். தோழர்களே, அது அறச்சாலையன்று! கூலிக்குக் களையெடுக்கும் தாய் ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் அதன் விலைக்குள் வரி இருக்கிறது. அவ்வரியில் நடப்பது அம்மருத்துவமனை. அவள் இரந்து நிற்பவள் அல்லள், உடையவள். உடையவளுக்குக் கணக்குக் காட்டுவது கணக்கனின் கடமை.

கணக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று தருகிறேன். 2020ஆம் ஆண்டு கொரோனாக் கொள்ளைநோய் சென்னையைச் சூழ்ந்தது. இறந்தோர் எண்ணிக்கையை அரசு நாள்தோறும் வெளியிட்டது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேடோ தனியே இருந்தது. செய்தியாளர்களும் பொதுநலத் தொண்டர்களும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தனர், இரண்டும் ஒத்துவரவில்லை. கேள்வி எழுந்தது. ஒப்புநோக்க ஒரு குழுவை அரசு அமைத்தது. மார்ச்சு 1 முதல் சூன் 10 வரை நேர்ந்து கணக்கில் ஏறாதிருந்த 444 இறப்புகளை, சூலை 22ஆம் நாள் அரசே தன் கணக்கிற் சேர்த்தது.

444 என்பது வெறும் எண்ணன்று, 444 வீடுகள். அவ்வீடுகளின் துயரம் ஏட்டில் ஏறியதற்குக் கரணியம், இரண்டு பதிவேடுகளை ஒப்பிட்டுக் கேள்வி கேட்ட சிலரே. 'இறந்தவர் இறந்தார்; எண்ணினால் என்ன, எண்ணாவிட்டால் என்ன?' என்று சிலர் அப்போது பேசினர். அடுத்த ஆண்டே விடை வந்தது. உச்ச நயன்மன்றத்தின் ஆணையால், கொரோனாவால் இறந்தோர் குடும்பத்திற்கு 50,000 உருபா துயர்துடைப்புத் தொகை வரையறுக்கப்பட்டது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதப்படவில்லை என்பதை மட்டுமே காட்டி அத்தொகையை மறுக்கக் கூடாது என்றும் 2021 அக்தோபரில் அம்மன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. ஏட்டில் விடுபட்ட ஒரு வரி, கைம்பெண் ஒருத்தியின் கையிலிருந்து 50,000 உருபாவைப் பறிக்கும் ஆற்றல் உடையது என்பது அப்போதுதான் பலர்க்கும் விளங்கிற்று.

தில்லியின் கணக்கு இதனினும் கொடிது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் இந்திய ஒன்றியத்தில் ஏறத்தாழ 47 இலக்கம் பேர் மிகையாக இறந்திருக்கக்கூடும் என உலக நலவாழ்வு அமைப்பு 2022இல் மதிப்பிட்டது. ஒன்றிய அரசின் கணக்கோ 5 இலக்கத்திற்கும் குறைவு. அம்மதிப்பீட்டு முறை தவறு என்று ஒன்றிய அரசு மறுத்தது. மறுக்கட்டும்! மறுப்பவன் தன் ஏட்டைத் திறந்து காட்ட வேண்டுமன்றோ? 2021ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு அறிக்கை வெளிவந்தது எப்போது தெரியுமா? 2025 மேத் திங்களில்! 2020இல் ஏறத்தாழ 81 இலக்கமாக இருந்த பதிவான இறப்புகள், 2021இல் ஒரு கோடியே 2 இலக்கம் ஆயின என்பதை நான்கு ஆண்டு கழித்தே நாடு அறிந்தது.

எண்ணினால் உயிர் பிழைக்கும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்றுண்டு. பேறுகாலத்தில் இறக்கும் தாய்மார் ஒவ்வொருவரின் இறப்பையும் தனித்தனியே ஆய்ந்து, எங்கே காலந்தாழ்ந்தது, யார் கடமை தவறியது, குருதி இருந்ததா, ஊர்தி வந்ததா என்று வினவும் முறையைத் தமிழ்நாடு 1990களிலிருந்து வளர்த்து வந்துள்ளது. 1,00,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 134 தாய்மார் என 2001-03இல் இருந்த இறப்பு, 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. செவிலியரும் மருத்துவரும் ஊர்தி ஓட்டுநரும் செய்த அருஞ்செயல் இது, பாராட்டுவோம். அதே 2018-20இல் ஒன்றிய அளவில் 97, கேரளத்தில் 19. தில்லியோடு ஒப்பிட்டு மகிழும் ஆட்சியாளரிடம், கேரளத்தோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டியது நம் கடமை: எஞ்சிய தாய்மாரை ஏன் காக்கவில்லை?

மருந்தும் அப்படியே. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றியது. வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி, ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் ஆய்வு, மாவட்டந்தோறும் கிடங்கு, மருத்துவமனைக்கொரு கணக்கேடு என்று அது வகுத்த முறையைக் கேரளமும் இராசத்தானும் பின்பற்றின. ஆயின் அக்கணக்கேடு மருத்துவமனைக்கும் கிடங்குக்கும் இடையே நின்றுவிடுகிறது. வரிசையில் நிற்கும் முதியவருக்கு 'மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்' என்ற ஒரு சொல்லே கிடைக்கிறது. இல்லை என்பது உண்மையா? எந்நாள் முதல் இல்லை? எந்நாள் வரும்? இதற்குச் சுவரில் விடை இருந்தால், பொய் சொல்லும் வாய் அடைபடும். மெய் சொல்லும் ஊழியனும் வசையினின்று தப்புவான்.

'பொது நலவாழ்வும் மருத்துவமனைகளும்' அரசமைப்பில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆனால் வரிப்பணத்தில் பெரும்பங்கைத் திரட்டுவது தில்லி. ஆகவே கேள்வி அங்கும் செல்ல வேண்டும். மதுரைக்கு வருவதாகச் சொன்ன எய்ம்சு மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு எய்ம்சு என்ற அறிவிப்பு 2015 வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. தோப்பூரில் அடிக்கல் நாட்டியது 2019 சனவரியில். மாணவர்களை 2022இல் இராமநாதபுரத்து அரசு மருத்துவக் கல்லூரியில் குடிவைத்தார்கள். முதன்மைக் கட்டடப் பணி தொடங்கவே 2024 ஆயிற்று. இமாசலத்துப் பிலாசுப்பூரில் 2017 அக்தோபரில் அடிக்கல் நாட்டிய எய்ம்சோ 2022 அக்தோபரில் திறப்பு விழாக் கண்டது! 2025க்குள் நாட்டின் மொத்த விளைவில் 2.5 விழுக்காட்டை அரசுகள் நலவாழ்வுக்குச் செலவிடும் என்று 2017ஆம் ஆண்டின் நலவாழ்வுக் கொள்கையில் ஒன்றிய அரசு எழுதியது. 2021-22இல் செலவிட்டது 1.84 விழுக்காடு. மாநிலங்கள் தம் வரவு செலவுத் திட்டத்தில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்க வேண்டும் என்றும் அக்கொள்கை கூறியது. சென்னைக் கோட்டையில் இருப்போரிடமும் அக்கணக்கைக் கேளுங்கள். தில்லியைக் கேட்பதாலேயே கோட்டையைக் கேளாது விடுதல் தமிழ்ப்பற்று ஆகாது.

இனி மொழி. தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழே என்று சட்டம் செய்தது 1956இல். ஆனால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியிடம் தரும் குறிப்பு எம்மொழியில் இருக்கிறது? மருந்துச் சீட்டு எம்மொழியில்? தாய் எதனால் இறந்தாள் என்பதை மகனால் படிக்க முடியாத மொழியில் எழுதித் தந்துவிட்டு, 'ஐயம் இருந்தால் கேள்' என்று சொல்வது எள்ளலேயன்றி வேறென்ன? படிக்கவியலாத கணக்கு, காட்டாத கணக்கே. மருத்துவத்தைத் தமிழில் எழுதுக என்று நாம் கேட்பது மொழி அழகுக்காக மட்டுமன்று, உயிர்க்காப்புக்காக.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கணக்குக் கேட்பது வேறு; கைகலப்பது வேறு. உறவினர் இறந்த சினத்தில் இரவுப்பணி மருத்துவரைத் தாக்குவது கயமை. மருத்துவப் பணியாளரைக் காக்க 2008இல் ஒரு சட்டமே செய்ய வேண்டிய நிலைக்கு நாம் வந்தோமே, அது நமக்கு இழுக்கு. இருவர் செய்ய வேண்டிய பணியைத் தனியாளாகச் செய்யும் இளம்பெண் மருத்துவர் நம் பகைவர் அல்லர். அந்த இரண்டாம் இடத்தை நிரப்பாதவரே விடை சொல்ல வேண்டியவர். 2019 அக்தோபரில் அரசு மருத்துவர்கள் ஊதியத்தோடு, நோயாளிகளின் தொகைக்கேற்ற மருத்துவர் எண்ணிக்கையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவ்விரண்டாம் கோரிக்கை நம்முடையதன்றோ? நாம் ஏன் வாளாவிருந்தோம்?

என்ன செய்யலாம்? செயல் மூன்று கூறுகிறேன்.

முதலாவது, உங்கள் ஊர் நலவாழ்வு நிலையத்திற்குச் சென்று ஐந்து செய்திகளைச் சுவரில் தமிழில் எழுதக் கேளுங்கள்: ஒப்புதல் பெற்ற பணியிடங்களும் நிரம்பியவையும், இன்று பணியில் இருப்போர், இன்று கையிருப்பில் உள்ள மருந்துகள், இவ்வாண்டு வந்த பணமும் செலவும், இவ்வாண்டின் பிறப்பும் இறப்பும். திருமுக்கூடலிற் கல்வெட்ட முடிந்தது. இன்று கரும்பலகையில் எழுத முடியாதா?

இரண்டாவது, எழுத மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 உருபாக் கட்டணத்தில் விண்ணப்பம் இடுங்கள். 30 நாளில் விடை தர வேண்டும். உயிரைப் பற்றிய செய்தியாயின் 48 மணியில் தர வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுங்கள். விடையையும் தமிழிலேயே கேளுங்கள்.

மூன்றாவது, சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் ஊரவைக்குச் செல்லுங்கள். கையொப்பம் இட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்த ஐந்து செய்திகளையும் அங்கே படிக்கச் செய்து, ஏட்டில் பதியச் செய்யுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது அவ்வேட்டை அவர்முன் விரித்து வையுங்கள்.

பெருமக்களே! நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவான் என்று மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் வள்ளுவப் பெருந்தகை. இந்நான்கில் எது குறைந்தாலும் பிணி தீராது. எது குறைகிறது என்று காட்டுவது கணக்கு. அதைக் கேட்பது நம் கடன். உங்கள் ஊருக்குத் திரும்பியதும் நாளைக் காலையிலேயே அந்நிலையத்தின் சுவரைப் பாருங்கள். அங்கே அரசியலாரின் படங்கள் இருக்கும். திட்டங்களின் பெயர்கள் இருக்கும். கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையாயின், கேளுங்கள்!