பிரஷ் எப்போது குளித்தது?



"மணப்பெண்ணின் ஒப்பனைக்குப் பெரிதும் துணை நிற்பது பூசும் பொருளே" என்று எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனார். எந்தக் கம்பெனி பவுண்டேஷன், என்ன விலை, எத்தனை மணி நேரம் கலையாது என்று பட்டியலே வாசித்தார். பெண்ணைப் பெற்ற அப்பாமார் பலபேர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். (சிரிப்பு) பயப்படாதீர்கள். நான் கொஞ்சம் செலவு குறைந்த கட்சி. பொருள் அல்ல, பூசும் கருவியே என்பதுதான் எங்கள் வாதம்.

நடுவர் அவர்களே! நம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். அந்தக் குலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே பவுடர் போட்டது மாதிரி மெல்லிய வெண்படலம். அது பழம் தானே சுரந்துகொள்கிற மெழுகு. திட்டு இல்லை, கோடு இல்லை. இயற்கை போடும் பவுண்டேஷனுக்குப் பிரஷ் தேவையில்லை. மனிதன் போடுகிற பவுண்டேஷனுக்குத் தேவை. அங்கேதான் வினையே ஆரம்பிக்கிறது!

தமிழனுக்குப் பிரஷ் புதிதா? நற்றிணையின் 118-ஆம் பாட்டில், அரக்குச் சாயம் தோய்த்த ஓவியரின் துகிலிகையைப் பாதிரிப் பூவுக்கு உவமையாகச் சொல்கிறார் புலவர். துகிலிகைதான் இன்றைய தூரிகை. பூவைப் பார்த்ததும் பிரஷ் ஞாபகம் வந்த இனம், இன்றைக்குப் பிரஷ்ஷை வாங்கும்போது அதன் நுனியைக்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை!

மாவு ஒன்றுதான் அம்மா. கல் சரியில்லை என்றால் தோசை வருமா? பிய்ந்து பிய்ந்துதான் வரும். பவுண்டேஷனும் அப்படித்தான். திரவமாகவோ களிம்பாகவோ இருந்தால் செயற்கை இழைப் பிரஷ் நல்லது. ஆட்டுமுடி போன்ற இயற்கை முடி திரவத்தைக் குடித்துவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது முகத்துக்குப் போகாது, பிரஷ்ஷின் வயிற்றுக்குப் போகும். (சிரிப்பு) இயற்கை முடி பவுடருக்கு ஏற்றது.

வடிவத்திலும் விஷயம் இருக்கிறது. தட்டைப் பிரஷ் நன்றாக மூடும், ஆனால் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி கோடு விழும். இழைத்துவிடத் தெரிய வேண்டும். அடர்த்தியான, தலை மட்டமான உருண்டைப் பிரஷ் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் ஒரே சீராகப் படியும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு அதுவே எளிது. கொஞ்சமாக எடுத்து, முகத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொண்டு போக வேண்டும். கடையில் வாங்கும்போது கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குத்தக் கூடாது. முடியை லேசாக இழுத்துப் பாருங்கள், கையோடு வரக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. பெண் பார்ப்பதைவிடச் சுலபம்!

பிரஷ்ஷை அற்பமாக நினைக்காதீர்கள். ஜப்பானில் ஹிரோஷிமா பக்கத்தில் குமானோ என்று ஓர் ஊர், தூரிகை செய்வதற்கே பேர் போனது. 2011-இல் ஜப்பான் பெண்கள் அணி உலகக் கோப்பைக் கால்பந்தை வென்றபோது, அந்த நாட்டு அரசு தேசிய கௌரவ விருதோடு சேர்த்து என்ன பரிசளித்தது தெரியுமா? குமானோ ஒப்பனைப் பிரஷ்கள்! உலகத்தையே ஜெயித்துவிட்டு வந்த பெண்களுக்கு ஒரு நாடு பிரஷ் கொடுத்திருக்கிறது என்றால் அதன் மதிப்பு என்ன, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நல்ல பிரஷ் வாங்கிவிட்டோம். அது எப்போது குளித்தது? நாம் தினம் குளிக்கிறோம். நம் முகத்து எண்ணெயையும் வியர்வையையும் செத்த தோலையும் துடைத்துத் துடைத்து வாங்கிக்கொள்கிற பிரஷ், வாங்கிய நாளிலிருந்து குளிக்கவில்லை. அதில் கிருமி குடித்தனம் நடத்துகிறது, வாடகை கொடுக்காமல்! அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது. அது சொந்தப் பிரஷ்ஷுக்கு. ஊருக்கெல்லாம் போடுகிற பிரஷ்ஷை ஒவ்வொரு முகத்துக்கும் பிறகு கழுவி, காயவைத்துத்தான் அடுத்த முகத்தில் வைக்க வேண்டும்.

கழுவுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு. முடியின் நுனியை மட்டும் நனைத்து உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்து, தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். பிடி சேருகிற இடத்தில் தண்ணீர் ஏறினால் பசை விட்டுப்போகும். துண்டில் ஒற்றி, மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கிவிடும். புறத்தூய்மை நீரால் அமையும் என்று 'வாய்மை' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் ஷாம்பு மட்டும்தான் சேர்த்திருக்கிறேன்! (சிரிப்பு, கைதட்டல்)

நம் பக்கம் கோயில் திருவிழாவில் விடியவிடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீர்கள். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் அவரவர் ஒப்பனைப் பெட்டியோடு வருவார்கள், அவரவரே போட்டுக்கொள்வார்கள். ராஜபார்ட் பெட்டி வேறு, பபூன் பெட்டி வேறு. மேடையில் தாலி கட்டுகிற வள்ளிக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. நிஜத்தில் தாலி கட்டிக்கொள்கிற நம் வீட்டுப் பெண்ணுக்கு?

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி கம்பத்தில் பார்லர் வைத்திருக்கிறாள். ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் தங்கை வந்து உட்கார்ந்தாள். "அந்த பிரஷ்லயே எனக்கும் கண்ணுக்குப் போட்டு விடுக்கா." கண்ணைப் பார்த்தால் செக்கச்செவேல். மெட்ராஸ் ஐ! 1918-இல் சென்னையில் கண்டறியப்பட்டதால் நம் ஊர்ப் பேரையே வாங்கிய கண்நோய். இவள் சொன்னாள்: "வேண்டாம்மா. உனக்குப் போட்டா உன் கண்ணுக்கும் கெடுதல். அதே பிரஷ் திரும்பப் பொண்ணு கண்ணுக்குப் போகணும், ரிசப்ஷன் இருக்கு." மண்டபமே ரெண்டுபட்டது. "மாப்பிள்ளை வீடுன்னா எளக்காரமா?" என்று மதினிமார் ஒரு பக்கம், அப்பத்தா ஒரு பக்கம். பேசிய கூலியில் பாதிதான் கைக்கு வந்தது.

அவள் என்னிடம் சொன்னாள்: "ஐயா, ரெண்டு செட்டு பிரஷ் வச்சிருக்கேன். ராத்திரி உட்கார்ந்து கழுவிக் காயப்போடுறேன். அதுக்கு யாரும் காசு தர்றதில்லை. பக்கத்துத் தெருவுல குறைச்சலாப் பண்றாங்கன்னு பேரம்தான் பேசுறாங்க."

நடுவர் அவர்களே! யாரையும் பயமுறுத்த நான் வரவில்லை. உயிர் போய்விடும் என்று சொல்லவில்லை. பரு, கொப்புளம், உதட்டுப் புண், கண்நோய். கல்யாண வாரத்தில் இதில் எது வேண்டும் உங்கள் பெண்ணுக்கு? 1990-களில் எய்ட்ஸ் விழிப்புணர்வு வந்தபோது, சலூனில் உட்கார்ந்து "புது பிளேடு போடுப்பா" என்று கேட்கப் பழகினோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளையின் தாடைக்குக் கேட்கத் தெரிந்த நமக்கு, பெண்பிள்ளையின் முகத்துக்குக் கேட்க ஏன் வாய் வரவில்லை?

மணையில் உட்காரப் போகிற பெண் கேட்க மாட்டாள். கூச்சம் இருக்கும். அப்பா கேளுங்கள், அம்மா கேளுங்கள். "எந்தக் கம்பெனி?" என்பது ரெண்டாவது கேள்வி. "பிரஷ்ஷைக் கழுவினாயா தாயி?" என்பது முதல் கேள்வி. கழுவினேன் என்று சொல்கிறவளிடம் பேரம் பேசாதீர்கள். அந்தக் கூலி பூச்சுக்கு மட்டும் அல்ல, ராத்திரி கண்விழித்துக் கழுவிய கைக்கும் சேர்த்துத்தான்.

எனவே, ஒப்பனைக்குப் பெரிதும் துணை நிற்பது பூசும் பொருள் அல்ல, தேர்ந்தெடுத்து வாங்கித் தூய்மையாக வைத்திருக்கும் கருவியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)