அண்ணன் கணபதி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் நேரிற் கண்டிராத ஓர் அண்ணனைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். இந்த றொசல்ல மலைக்கு அவர் வந்தவருமல்லர். ஆயினும், தமிழகத்தின் வறண்ட கிராமங்களை விட்டுப் புறப்பட்ட நம்மவருள் ஒரு சாரார் கண்டிச் சீமைக்கு வந்தனர். மற்றொரு சாரார் மலாயாவுக்குக் கப்பலேறினர். அந்த மலாயாவில் வளர்ந்த தஞ்சை மாவட்டத்துப் பிள்ளை எஸ். ஏ. கணபதி.

நாம் மிஷன் பாடசாலையில் படித்த மலாயா, றப்பரும் வெள்ளீயமும் மட்டுமே. பால் வெட்டியவனைப் பற்றி ஒரு வரியுமில்லை. (தேயிலைப் பாடத்தில் நாம் இருந்தோமா என்று கேட்காதீர்கள்!)

துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, இதை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததும், அப்படி இறங்கி நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, நெஞ்சை நிமிர்த்தி அணிவகுத்தார்கள். அந்த இராணுவத்தில் பயிற்சி அளித்தவர் நம் கணபதி.

போர் முடிந்தது. சீருடையைக் களைந்தாரேயன்றி நிமிர்வைக் களையவில்லை. 1947-இல் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். தமிழரும் சீனரும் ஒரே கொடியின்கீழ் நின்றனர். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது, சம்மேளனம் கலைக்கப்பட்டது. 1949 மார்ச்சில் ஒரு கைத்துப்பாக்கியுடனும் ஆறு தோட்டாக்களுடனும் பிடிபட்டார். கண்டெடுத்த துப்பாக்கியைப் பொலிசில் ஒப்படைக்கக் கொண்டுபோனதாகச் சொன்னார். நீதிமன்றம் நம்பவில்லை. இந்திய அரசு மன்றாடியும் பயனில்லாமல், மே 4-ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் கம்யூனிஸ்டு, அதை மறைத்துப் புகழ்வது அவருக்கு மரியாதையன்று. அந்தத் துப்பாக்கியைப் பற்றி நம்மிடையேயும் இருவேறு கருத்துண்டு. ஆனால், யாரையும் சுட்டதாக அவர்மீது வழக்கில்லை. வைத்திருந்ததற்கே உயிர் போயிற்று.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1948-இல் நம் பாட்டன்மாரின் பிரஜாவுரிமை போயிற்று. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. இரு கடல்களுக்கப்பால் ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒரே காலத்தில் அடி விழுந்தது. முல்லோயாவில் 1940-இல் சூடுபட்டு மாண்ட கோவிந்தனை நாம் மே தினத்தில் நினைக்கின்றோம். மூன்று நாள் கழித்து வரும் கணபதியை மறந்துவிடுகின்றோம்.

புடு சிறையின் மதில் 2010-இல் இடிபட்டுவிட்டது. அங்கே போய் நின்று மாலை போட இடமில்லை. உங்கள் லயத்து வீடுகளில், தகரப் பெட்டிகளில், மலாயா உறவினரின் பழைய கடிதமோ படமோ கிடந்தால் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். சங்கச் செயலாளரிடம் காட்டுங்கள். நாம் பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.