தோட்டமாக இருந்த ஒரு தீவு



சம்பள நாளன்று உங்கள் கையில் கொடுக்கப்படும் காசு, தோட்டத்துக் கடை ஒன்றில் மட்டுமே செல்லும்; தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் அதற்கு ஒரு பெட்டி தீக்குச்சிகூடக் கிடைக்காது என்றால், அதைச் சம்பளம் என்று ஒப்புக்கொள்வீர்களா?

இது கற்பனையாகக் கேட்கும் கேள்வியன்று. நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், சபா மாநிலத்துத் தாவாவ் பகுதியிலிருந்து வந்த மலாய்க்கார நண்பர் ஒருவர் நம்முடன் தங்கியிருந்தார். அவர் தம் பாட்டனார் விட்டுச் சென்றது என்று தகர டப்பா ஒன்றிலிருந்து சிறு வில்லை ஒன்றை எடுத்துக் காட்டினார். தந்த நிறம், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. "இதுதான் எங்கள் பாட்டனார் வாங்கிய கூலி" என்றார். நாம் முதலில் நம்பவில்லை. பிறகு அவர் தம் முன்னோர் வாழ்ந்த கோகோஸ் தீவின் கதையைச் சொன்னார். அன்று தொடங்கிய ஆர்வத்தால் அத்தீவைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்ததைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

இந்தியப் பெருங்கடலில், ஜாவா தீவுக்குத் தென்மேற்கே, கடல் நடுவே வளையமாக அமைந்த பவளத் தீவுகள் இருபத்தேழு உள்ளன. கோகோஸ் அல்லது கீலிங் தீவுகள் என்பர். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலப்பரப்பு ஏறக்குறைய 14 சதுரக் கிலோமீட்டர்தான். நம் நாட்டின் பெரிய தோட்டங்கள் சில இதைவிடப் பெரியவை. மக்கள் குடியிருப்பவை இரண்டே தீவுகள்.

அங்கு முதலில் மனிதர் எவரும் இல்லை. 1826ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹேர் என்னும் ஆங்கிலேயர், மலாய்த் தீவுக்கூட்டத்தின் பல பகுதிகளிலிருந்து ஆண்களையும் பெண்களையும் கொண்டுவந்து குடியேற்றினார். அவர்களில் பலர் அடிமைகள். மறு ஆண்டு ஜான் கிளூனிஸ் ராஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தம் குடும்பத்துடன் வந்து இறங்கினார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சில ஆண்டுகளில் ஹேர் வெளியேறினார். கிளூனிஸ் ராஸ் நிலைத்தார். தீவு முழுவதும் தென்னை நட்டனர். கொப்பரைதான் வாழ்வு. 1857இல் பிரிட்டன் அத்தீவுகளைத் தனதென்று அறிவித்தது. 1886இல் விக்டோரியா மகாராணியார் பெயரால் அந்நிலம் கிளூனிஸ் ராஸ் குடும்பத்துக்கே நிரந்தரமாக வழங்கப்பட்டது. தீவே தோட்டம், தோட்டமே தீவு. துரையே அரசர்.

நேயர்களே, இத்தீவின் பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் நம் பேச்சில் வழங்கும் ஒரு சொல்லுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. சாமர்த்தியக்காரனைப் பார்த்து, "அவன் பெரிய எம்டன்" என்கிறோம் அல்லவா? எம்டன் என்பது முதல் உலகப் போரில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னை நகரின் மீது குண்டு வீசியது. அக்டோபர் 28இல் நம் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ரஷ்யக் கப்பலொன்றை மூழ்கடித்தது. அந்த எம்டன் நவம்பர் 9ஆம் நாள் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான 'சிட்னி'யிடம் அடிபட்டுக் கரைதட்டிய இடம் இந்தக் கோகோஸ் தீவுகளில்தான். உலகச் செய்தித்தாள்களில் தீவின் பெயர் அடிபட்டது. ஆனால் தென்னைக்குக் கீழே கொப்பரை வெட்டிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அவர்கள் வாழ்வு எப்படி இருந்தது? குடியிருக்க வீடு கொடுக்கப்பட்டது. நோய் வந்தால் மருந்து உண்டு. பட்டினி கிடந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நாளொன்றுக்கு இத்தனை தேங்காய் என்று அளவு உண்டு. கூலியாகக் கொடுக்கப்பட்டவை தோட்டத்தார் தாமே செய்வித்த வில்லைகள். அவற்றை 'கோகோஸ் ரூபாய்' என்பர். அவை துரையின் கடையில் மட்டுமே செல்லும். கூலியை முடிவு செய்பவர் துரை. கடையில் அரிசி விலையை முடிவு செய்பவரும் துரை. வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்பவரும் அவரே. தீவைவிட்டு ஒருவர் வெளியேறினால் மறுபடியும் திரும்பி வந்து குடியிருக்க முடியாது.

இதைக் கேட்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஒரு பேச்சு நினைவுக்கு வருகிறது. "பழைய துரை தங்கமானவர், தீபாவளிக்கு ஆடு வெட்டித் தந்தார்" என்பார்கள். நம் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அதே மூச்சில், "நல்ல துரை போனார், அடுத்தவர் வந்தார். எங்களைக் கேட்டா அனுப்பினார்கள்?" என்றும் சொல்வார். படிப்பறியாத பாட்டி அரசியலின் நடுமையத்தில் விரலை வைத்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. ஆள்பவர் நல்லவரா கெட்டவரா என்பது ஒரு கேள்வி. அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது வேறு கேள்வி. கோகோஸ் துரைமார்களில் நல்லவரும் இருந்திருக்கலாம். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களில் எவருக்கும் இல்லை.

மேலிடத்தில் அரசாங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1886 முதல் அத்தீவுகள் நம் நீரிணைக் குடியேற்றங்களின் பொறுப்பிலும், 1903 முதல் சிங்கப்பூரின் ஒரு பகுதியாகவும் வைக்கப்பட்டிருந்தன. சிங்கப்பூரிலிருந்து அதிகாரி ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை கப்பலில் சென்று பார்த்து அறிக்கை எழுதுவார். தொழிலாளர் இலாகா அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கதைகள் நம் தோட்டங்களிலும் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் வந்து போகிறவரிடம், மீதி நாளெல்லாம் துரையின் நிழலில் வாழ வேண்டியவன் எதை வாய்திறந்து சொல்வான்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவில் மக்கள்தொகை பெருகிவிட்டது. 1948 முதல் 1951 வரையிலான ஆண்டுகளில் பெரும்பாலோர் வெளியேறினர். சிலர் சிங்கப்பூருக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்கும் சென்றனர்; மிகப் பலர் அன்றைய வட போர்னியோவுக்கு, அதாவது இன்றைய சபாவுக்குச் சென்றனர். லஹாட் டத்துவிலும் தாவாவ் பகுதியிலும் கோகோஸ் கம்பங்கள் உருவானது அப்படித்தான். நம் நண்பரின் பாட்டனார் வந்ததும் அந்தக் கப்பல்களில் ஒன்றில்தான். அவர் கொண்டுவந்த வில்லையை வாங்கிக்கொள்ள தாவாவ் கடைக்காரர் எவரும் இல்லை.

தீவில் எஞ்சியவர்கள் சில நூறு பேர். 1955 நவம்பர் 23ஆம் நாள் பிரிட்டன் அத்தீவுகளை ஆஸ்திரேலியாவின் கையில் ஒப்படைத்தது. அம்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. கொடி மாறியது, கடை மாறவில்லை, வில்லையும் மாறவில்லை. இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே ஓடியது. சிங்கப்பூர் 1959இல் தன்னாட்சி பெற்றது, மலாயா 1957இல் விடுதலை பெற்றது என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

மாற்றம் வெளியிலிருந்தே வந்தது. 1974இல் ஐக்கிய நாடுகள் சபையின் குழு ஒன்று தீவுக்குச் சென்று பார்வையிட்டது. ஒரு குடும்பத்தின் உடைமையாக மக்கள் வாழும் நிலை உலகத்தின் பார்வைக்கு வந்தது. ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்குச் சங்கடம். 1978இல் அந்த அரசாங்கம், துரையின் மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும் நீங்கலாக, தீவுகளை 62 லட்சத்து 50 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு விலைக்கு வாங்கியது. வில்லைக் கூலி ஒழிந்தது. உண்மையான நாணயம் வந்தது. 1979இல் மக்கள் தேர்ந்தெடுக்கும் தீவு மன்றம் அமைந்தது. கொப்பரைத் தொழிலையும் கடையையும் நடத்தத் தீவு மக்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் உருவாயிற்று.

கூட்டுறவு என்றதும் உங்களுக்குத் துன் சம்பந்தன் அவர்கள் நினைவுக்கு வருவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். சொந்தக்காரர் ஆவது என்றால் என்ன என்பதை நம்மவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாம் வாழ்ந்த தோட்டம் ஒன்றில் சிறு கூட்டுறவுக் கடை இருந்தது. பெயர் வேண்டாம். முதலாண்டுக் கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்தது. மூன்றாம் ஆண்டில் பத்துப் பேர் வந்தோம். ஐந்தாம் ஆண்டில் கணக்கைப் படிக்காமலேயே, "எல்லாரும் ஏற்றுக்கொண்டதாக எழுதிக்கொள்கிறோம்" என்றார்கள். நாமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். வாத்தியார்தானே கேட்க வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். உறவினர்கள் மனம் கோணுமே என்று நாம் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. பணம் களவு போனதா, நிர்வாகம் சரியில்லையா என்பது இன்றுவரை தெரியாது. துரையிடம் கேட்கப் பயந்தோம், அதில் வியப்பில்லை. நம்மவரிடம் கேட்கவும் கூச்சப்பட்டோமே, அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

கோகோஸ் தீவுக்குத் திரும்புவோம். 1984 ஏப்ரல் 6ஆம் நாள், அம்மக்களின் கையில் முதன்முதலாக ஒரு பெரிய கேள்வி வைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்கெடுப்பு. தனி நாடாவதா? ஆஸ்திரேலியாவுடன் தளர்வான இணைப்பில் தன்னாட்சி நடத்துவதா? அல்லது ஆஸ்திரேலியாவோடு முழுமையாக இணைந்துவிடுவதா? இணைப்புக்கு 229 வாக்குகள், தளர்வான இணைப்புக்கு 21 வாக்குகள், தனி நாட்டுக்கு 9 வாக்குகள் கிடைத்தன.

விடுதலை வேண்டாம் என்றா சொன்னார்கள் என்று வகுப்பில் ஒரு பையன் நம்மிடம் கேட்டான். நல்ல கேள்வி. நம் கருத்தைச் சொல்கிறோம், நீங்கள் வேறுபடலாம். அரிசியும் மருந்தும் கப்பலில் வர வேண்டிய ஒரு தீவில், சில நூறு பேர் தனி நாடாக நின்றால் யார் கை ஓங்கும்? கப்பலும் பணமும் உடையவர் கைதான் ஓங்கும். அவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பட்டறிந்தவர்கள். அவர்களுக்கு விடுதலை என்பது கொடியாகத் தோன்றவில்லை. துரை திரும்பி வர முடியாத ஏற்பாடாகத் தோன்றியிருக்க வேண்டும். இணைந்தால் தங்கள் சமயத்தையும் பழக்கவழக்கங்களையும் மதிப்பதாகவும், வாழ்க்கைத் தரத்தைப் பெருநிலத்தவர்க்கு நிகராக உயர்த்துவதாகவும் ஆஸ்திரேலியா வாக்களித்திருந்தது. அந்த வாக்குறுதியையே அவர்கள் பிடித்துக்கொண்டனர்.

அதே 1984இல் இன்னொன்றும் நடந்தது. துரையிடம் எஞ்சியிருந்த மாளிகையையும் கட்டாயமாக எடுத்துக்கொள்ள அரசாங்கம் முற்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். ஒருவரைத் தீவிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்னும் அரசியல் நோக்கத்துக்காக நிலம் எடுக்கும் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டு நண்பர் முகம் சுளித்தார். நமக்கோ அது சரியென்றே பட்டது. அதுவரை தீவில் எவரும் தோட்டத்தாரை எதிர்த்து வழக்காட முடிந்ததில்லை. அரசாங்கத்தையே நிறுத்திக் கேட்க முடியும் என்ற வழி முதலில் துரைக்குப் பயன்பட்டது என்பது வேடிக்கைதான். ஆனால் அவ்வழி எல்லோருக்கும் பொது.

1987இல் கொப்பரைத் தொழில் நின்றுபோயிற்று. விலை கட்டுப்படியாகவில்லை. தென்னை நட்ட கைகளுக்கு வேலை குறைந்தது. கூட்டுறவுச் சங்கம் கப்பல் சரக்கு இறக்குவது, கடை நடத்துவது என்று வேறு பணிகளுக்குத் திரும்பியது. 1992இல் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் சட்டங்கள் தீவுக்கு நீட்டிக்கப்பட்டன. பழைய தீவு மன்றத்துக்குப் பதிலாக ஏழு உறுப்பினர்கள் கொண்ட ஊராட்சி மன்றம் வந்தது.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுந்தது. மேற்கு ஆஸ்திரேலியச் சட்டம் அவர்களை ஆள்கிறது. ஆனால் அந்த மாநில நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. கூட்டரசு நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறார்கள். அதுவும் மேற்கு ஆஸ்திரேலியாவோடு அன்று, வட ஆட்சிப்பகுதியின் லிங்கியாரித் தொகுதியோடு சேர்த்து. தீவில் இருப்பவர்கள் ஏறக்குறைய அறுநூறு பேர். தொகுதியோ கடல் கடந்து, பாலைநிலம் கடந்து விரிந்து கிடக்கிறது. வாக்குக் கேட்டு வருபவர் அந்த அறுநூறு பேரை நினைத்துத் தூக்கம் கெடுவாரா? ஏழு பேர் கொண்ட ஊராட்சி மன்றத்தை அவர்கள் தேர்தலில் மாற்றலாம். தங்கள் பள்ளியும் மருத்துவமும் எப்படி நடக்க வேண்டும் என்ற சட்டத்தை எழுதுபவரை மாற்ற முடியாது.

தன்னாட்சி பெற்றிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காதே என்பார் சிலர். அதற்கும் ஒரு சான்று ஆஸ்திரேலியாவிடமே உண்டு. பசிபிக் கடலில் நார்போக் என்னும் சிறு தீவுக்கு, கோகோஸ் மன்றம் அமைந்த அதே 1979இல், ஒன்பது உறுப்பினர் சட்டமன்றத்துடன் தன்னாட்சி வழங்கப்பட்டது. வரி, குடிநுழைவு முதலியவற்றைக்கூடத் தாமே பார்த்துக்கொண்டனர். பின்னர்ப் பணமுடை வந்தது. கூட்டரசிடம் உதவி கேட்க நேர்ந்தது. 2015இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்தச் சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டது. எங்கள் எதிர்காலத்தை முடிவு செய்யும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று அதற்குச் சற்று முன்பு தீவு மக்களில் பெரும்பான்மையோர் வாக்களித்திருந்தும் பயனில்லை.

நண்பருடன் சில ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில் பேசினோம். தீவில் இருக்கும் தம் உறவினர்களைப் பற்றிக் கேட்டோம். மன்றக் கூட்டம் நடந்தால் போய் உட்காருகிறார்களா என்றோம். "சிலர் போகிறார்கள். படகு நேரம் சரியில்லை என்று அங்கேயே எழுந்து சண்டை போடுகிறார்கள்" என்று சிரித்தார். அவர் பாட்டனாரின் வில்லை இன்னும் அந்தத் தகர டப்பாவில் இருக்கிறதாம்.