குழந்தையின் எடைக் கணக்கு
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன், வட்டி, தவணை என்பவற்றையே என்னிடம் கேட்டுப் பழகிய உங்களுக்கு, இன்று குழந்தைகளின் ஆகாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். இஃது எமது இலாகாவுக்குப் புறம்பானதன்று. நோயுற்ற குழந்தைக்காக வாங்கும் கடன் விளைச்சல் தருவதில்லை. கட்டவேண்டிய தவணையையும் விழுங்கிவிடுகிறது.

குழந்தைகள் மெலிவதற்குத் தானியக் குறைவு மட்டுமே காரணமன்று. எதை, எப்பொழுது, எத்தனை வேளை ஊட்டுவது என்பதை அறியாமையும் காரணமாகும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுத்தல் வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் புகட்டுவது பெருந்தீங்கு. ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. பின்னர், தாய்ப்பாலை நிறுத்தாமல், குழையப் பிசைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், கீரை, முட்டை, பழம் ஆகியவற்றைத் தினம் 2 அல்லது 3 வேளையும், ஒன்பதாம் மாதம் முதல் 3 அல்லது 4 வேளையும் ஊட்டுக. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. பேதி காணும்போது பட்டினி போடலாகாது. உப்புச் சர்க்கரைக் கரைசலுடன் பாலும் உணவும் கொடுத்து வருக.

தமிழ்நாட்டில் 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாத வயதுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை சரிவர ஏறாத குழந்தைகளுக்கு 90 நாட்கள் சத்துணவு அளித்து, தாய்மாருக்கும் விஷயத்தை விளக்கினார்கள். முதல் தவணை தவறியபோதே விசாரிக்கும் காரியதரிசி சங்கத்தைக் காப்பதுபோல, எடை ஏறாது நின்ற மாதத்திலேயே கவனிக்கும் தாய் குழந்தையைக் காக்கிறாள். எலும்பு தெரியும் வரை காத்திருத்தல், கடன் வராக்கடனாகும் வரை உறங்குவதற்கு ஒப்பாகும்.

1975-ல் ஏற்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் உள்ள அங்கன்வாடியில் இன்றும் எடை பார்க்கிறார்கள், சத்துமாவும் தருகிறார்கள். மாதம் ஒருமுறை கிராமச் செவிலியர் அங்கு வந்து தடுப்பூசி போட்டு, தாய்மாருக்கு யோசனையும் கூறுகிறார். ஆயினும், அன்றைய கூலி போய்விடுமென்று பல தாய்மார் வருவதில்லை.

ஆகவே ஆண்மக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அரை நாளை உங்கள் மனைவிமாருக்கு விட்டுக்கொடுங்கள். முடியாவிடில் நீங்களே குழந்தையைத் தூக்கிச் செல்லுங்கள். வீட்டில் சொல் செல்லுபடியாகும் மாமியாரையும் உடன் அனுப்புங்கள். எடை பார்க்கும் நாளை முன்தினமே தண்டோரா மூலம் அறிவிப்பதென இக்கூட்டத்திலேயே தீர்மானம் செய்யுங்கள். அதற்காகும் செலவு மிகச் சொற்பம். பலனோ உங்கள் குழந்தைகளின் உயிர்.